மூன்றாவது வீதியின் கிளிப்பச்சைக் கூட்டம்

பயம் வந்தால் சிலருக்கு வியர்க்கும், சிலருக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். விஜயராணிக்குச் சிரிப்பு வந்துவிடும். வாயைப் பொத்தி அடக்கிவிடக்கூடிய சிரிப்பு இல்லை அது. வயிற்றிலிருந்து கிளம்பி, தோளைக் குலுக்கி, கண்ணில் தண்ணீர் வரவழைத்துவிட்டுத்தான் ஓயும். பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியர் பிரம்பை எடுத்தபோது சிரித்து, சிரித்ததற்காகத் தனியாக அடி வாங்கியவள். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்த அவள் ஊருக்குக் காசிமாயன் வீட்டார் பெண் பார்க்க வந்த அன்று, காப்பித் தட்டோடு நின்றவள் குலுங்கிய குலுங்கலில் காப்பி முழுக்க மாப்பிள்ளையின் பெரியப்பா வேட்டியில் போய்விட்டது. பெண்ணுக்கு ஏதோ கோளாறு என்று பெரியவர்கள் எழுந்துவிட்டார்கள். காசிமாயன் மட்டும் எழவில்லை. அவன் வாயைத் திறப்பதே அபூர்வம். வீட்டில் சிரிக்க ஒருத்தி இருந்தால் தான் பேச வேண்டியது குறையும் என்று நினைத்தானோ என்னவோ, இந்தப் பெண்ணையே கட்டிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டான்.

கல்யாணமான கையோடு இருவரும் திருப்பூருக்கு பஸ் ஏறினார்கள். காசிமாயன் ஒரு பனியன் கம்பெனியில் அயர்ன் மாஸ்டர் ஆனான். விஜயராணி தையல்காரருக்குத் துணி எடுத்துக்கொடுக்கிற கைமடி வேலைக்குச் சேர்ந்து, சாப்பாட்டு நேரத்தில் காலியாகக் கிடந்த மெஷினில் உட்கார்ந்து பழகி, ஓவர்லாக் டெய்லராக ஆனாள். மாதேஸ்வரா நகர் மூன்றாவது வீதியில், சுப்புலட்சுமியம்மாளின் லைன் வீடுகளில் ஒன்றுக்குக் குடிவந்தார்கள். மகள் யாழினி அங்கேதான் பிறந்தாள். இப்போது கல்லூரியில் முதல் வருஷம் படிக்கிறாள்.

மூன்றாவது வீதியில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது, அந்த வளைவு ஒன்றைத் தவிர. பஸ் நிறுத்தத்தில் இறங்கி வீதிக்குள் நுழைந்தால், பாதி தூரத்தில், வீதி வளைகிற இடத்தில் ஒரு காலி மனை. அதன் சொந்தக்காரர் தாராபுரத்தில் இருந்தார். அந்தப் பக்கமே வருவதில்லை. ஊரில் எதற்கெல்லாம் போக்கிடம் இல்லையோ அதெல்லாம் அங்கே வந்து சேர்ந்தது. வீட்டுக் குப்பை, கம்பெனிகளின் கட்டிங் வேஸ்ட், உடைந்த நாற்காலி, செத்த டிவி. மனையை ஒட்டி ஓடிய சாக்கடைக்கு மூடி கிடையாது. பக்கத்துக் கம்பங்களில் இருந்த தெரு விளக்குகள் எப்போதோ கண்ணை மூடியவை. பொழுது சாய்ந்ததும் நாலைந்து பேர் பாட்டிலோடு வந்து உட்கார்ந்துவிடுவார்கள். பெண்கள் எல்லோரும் இரண்டாவது வீதி வழியாகச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போகப் பழகியிருந்தார்கள். அது சுற்று வழி என்பதே பலருக்கு மறந்துபோயிருந்தது.

அந்தச் சனிக்கிழமை விஜயராணிக்குக் கால் வலி. சுற்றிக்கொண்டு போக முடியாது, ஒரே ஓட்டமாக வளைவைத் தாண்டிவிடலாம் என்று நேர் வழியில் நுழைந்தாள். பாட்டில்காரர்கள் அன்று இன்னும் வந்திருக்கவில்லை. பின்னால் ஒரு வண்டி மெதுவாக வந்தது. அவள் ஒதுங்கினாள். வண்டியும் ஒதுங்கியது. அடுத்த நொடி, தோளில் மாட்டியிருந்த பையைப் பிடித்து ஒரு கை வெடுக்கென்று இழுத்தது. பை அவன் கைக்குப் போய்விட்டது.

அவளுக்குக் கத்த வேண்டும் என்றுதான் இருந்தது. வந்தது சிரிப்பு. இருட்டில், குப்பை மேட்டுக்குப் பக்கத்தில், முடியை விரித்தவள் மாதிரி ஒரு பெண் நின்று ஹாஹாவென்று சிரித்தால் யாருக்கும் ஈரக்குலை நடுங்கத்தான் செய்யும். வண்டிக்காரன் திரும்பிப் பார்த்தான். பார்த்தவன் முன்னால் பார்க்க மறந்தான். வண்டியும் அவனும் பையும் அப்படியே சாக்கடைக்குள் இறங்கினார்கள்.

இதற்கப்புறம் நடந்ததுதான் அவளால் பிறகு எத்தனை யோசித்தும் விளங்கிக்கொள்ள முடியாதது. யாரோ விழுந்துவிட்டார் என்றதும் ஓடிப்போய்க் கையைக் கொடுத்தாள். வண்டியைத் தூக்கவும் ஒரு கை பிடித்தாள். அவன் இடுப்புவரை கறுப்பாக நின்றுகொண்டு, "தேங்க்ஸ்ங்க்கா" என்று சொல்லிவிட்டு வண்டியை உருட்டிக்கொண்டு ஓடினான். அவன் வீதி முனையைத் தாண்டிய பிறகுதான் தான் தூக்கிவிட்டது யாரை என்பது அவளுக்கு உறைத்தது. பை சாக்கடையில் மிதந்தது. உள்ளே இருந்தது காலி டிபன் பாக்ஸும் கால் கிலோ கத்தரிக்காயும்.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னாள். யாழினி தண்ணீர் கொடுத்தாள். காசிமாயன் முழுவதையும் கேட்டுவிட்டு, வாசலில் போய் நின்று வளைவின் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான்.

திங்கட்கிழமை கம்பெனியில் டீ நேரத்தில் அவள் இதைச் சொன்னபோது தையல் லைனில் இருந்தவர்கள் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். திருடன் சொன்ன தேங்க்ஸை அவள் அவன் குரலிலேயே சொல்லிக்காட்ட, சூப்பர்வைசர்கூட வந்து இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். பக்கத்து மெஷினில் இருந்த மோனிஷா மட்டும் சிரிக்கவில்லை. கணியூர்ப் பக்கத்துப் பெண். மூன்றாவது வீதியில் சித்தி வீட்டில் தங்கி வேலைக்கு வருகிறவள். மெஷின் ஓடத் தொடங்கிய பிறகு, அந்தச் சத்தத்தின் மறைவில், விஜயராணி பக்கம் குனிந்தாள்.

"எங்கிட்ட போனைப் புடுங்கிட்டுப் போயிட்டானுங்க்கா, ஆடி மாசத்துல. அதே எடம். ஊட்டுல தொலைஞ்சு போச்சுன்னுதான் சொல்லிருக்கறேன். நெசத்தைச் சொன்னா வேலைக்குப் போக வேண்டாம், ஊருக்கு வந்துருன்னுருவாங்க."

விஜயராணி மெஷினை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தாள். இந்தப் பெண் இத்தனை நாளும் பக்கத்திலேயே உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். அன்று சாயங்காலம் அவள் யாழினியைக் கூப்பிட்டு, உனக்கு அங்கே ஏதாவது நடந்திருக்கிறதா என்று கேட்டாள். யாழினி தலையைக் குனிந்துகொண்டு, பெரிதாக ஒன்றும் இல்லை என்றாள். பெரிதாக இல்லாதது என்ன என்று விஜயராணி கேட்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு நேராகச் சுப்புலட்சுமியம்மாளின் வீட்டுக்குப் போனாள்.

சுப்புலட்சுமியம்மாளுக்கு அந்த வீதியில் தனி மரியாதை. லைன் வீடுகளின் சொந்தக்காரர் என்பது ஒரு காரணம். யாரிடமும் குரலை உயர்த்தாதவர் என்பது பெரிய காரணம். விஜயராணி சொன்னதையெல்லாம் முருங்கைக்கீரை ஆய்ந்தபடியே கேட்டார். போலீசுக்குச் சொல்லலாம், மாநகராட்சிக்கு எழுதலாம் என்பதெல்லாம் முன்பே செய்து பார்த்ததுதான் என்றார். இரண்டு இடத்திலும் பார்க்கிறோம் என்றார்கள், இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

"ஏனம்மிணி, நாமளே எறங்கிக் கூட்டிப்போட்டா என்ன?" என்றார் கடைசியில். சொல்லிவிட்டு, தான் சொன்னதைத் தானே நம்பாதவர் போல ஆய்ந்த கீரையைத் திரும்ப ஆய ஆரம்பித்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வளைவில் கூட்டம். யாழினி வாட்ஸ்அப்பில் செய்தி போட்டிருந்தாள். நிறையப் பேர் வந்தார்கள். ஆனால் மூன்று கூட்டமாக வந்தார்கள். சொந்த வீட்டுக்காரர்கள் வேப்பமரத்தடியில் நின்றார்கள். லைன் வீட்டு மதுரை, தேனிக்காரர்கள் எதிர்ச் சுவரோரம். மாடி அறைகளில் தங்கியிருந்த ஒடிசாப் பையன்கள் வீதி முனையில், எந்த நேரமும் கிளம்பிவிடத் தயாராக. குப்பையைப் போடுவது லைன் வீட்டுக்காரர்கள் என்று வேப்பமரம் முணுமுணுத்தது. கம்பெனிக்காரர்கள்தான் என்றது சுவரோரம். பாட்டில் யாருடையது என்று இரண்டு பக்கமும் வீதி முனையைப் பார்த்தன. ஒடிசாப் பையன்கள் தங்கள் செல்போனைப் பார்த்தார்கள்.

பேச வேண்டியவள் விஜயராணி. நடுவில் போய் நின்றாள். இத்தனை கண்கள் தன்னைப் பார்த்து அவள் அறிந்ததில்லை. "எல்லாருக்கும் வணக்கம்" என்றாள். அதற்கு மேல் ஒரு சொல் வரவில்லை. வந்தது அதுதான். தோள் குலுங்கியது, இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள், நிமிர்ந்தாள், மன்னிக்கணும் என்று சொல்லப் பார்த்து மறுபடி குனிந்தாள். முதலில் எல்லோரும் திகைத்தார்கள். பிறகு வீதி முனையிலிருந்து ஒரு சிரிப்பு கேட்டது. பிகாஷ் என்ற ஒடிசாப் பையன். அவனுக்கு என்ன விஷயம் என்றே தெரியாது. அவனைப் பார்த்து மோனிஷா சிரித்தாள், மோனிஷாவைப் பார்த்துச் சுவரோரம் சிரித்தது, கடைசியில் வேப்பமரத்தடியும் தாங்க முடியாமல் வெடித்தது. ஏன் சிரிக்கிறோம் என்று யாருக்கும் தெரியாததால் யாராலும் நிறுத்தவும் முடியவில்லை.

சிரித்து ஓய்ந்தபோது மூன்று கூட்டமும் எப்படியோ ஒரே இடத்தில் நின்றது. சுப்புலட்சுமியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டே, வந்தது வந்துவிட்டோம், மண்வெட்டி இருப்பவர்கள் எடுத்து வாருங்கள் என்றார்.

பிறகு நடந்ததை வேலை என்று சொல்வதா விளையாட்டு என்று சொல்வதா தெரியவில்லை. குப்பை மேட்டைக் கிளறக் கிளற ஒவ்வொரு வீட்டின் ரகசியமும் வெளியே வந்தது. யாரோ ஒருவரின் பல் செட் வந்தது. உரிமை கோர ஆளில்லை. கீறல்கூட விழாத தலைக்கவசம் ஒன்று வந்தது. பிகாஷ் கழுவி மாட்டிப் பார்த்தான், அளவெடுத்தது போல இருந்தது. இரண்டு பேர் சேர்ந்து புரட்டிய ஒரு கல்லைப் பார்த்துச் சுப்புலட்சுமியம்மாள் அருகில் வந்து குனிந்து தடவினார். அது அவர் வீட்டு ஆட்டுக்கல். சோமனூர்ச் சொந்தக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டதாக மருமகள் சொன்னது. மருமகள் சரியாக அந்த நேரத்தில் டீ போடப் போகிறேன் என்று வீட்டுக்குள் போனவள் வெகுநேரம் வெளியே வரவில்லை.

இன்னும் ஆழத்தில் தோண்டியபோது துணி வந்தது. மூட்டை மூட்டையாகக் கட்டிங் வேஸ்ட். ஒரே நிறம், கண்ணைக் குத்துகிற கிளிப்பச்சை. அந்த நிறத்தை வீதியில் எல்லோருக்கும் தெரியும். இதே வீதியில் குடியிருக்கிற பனியன் கம்பெனி முதலாளி ஈஸ்வரமூர்த்தியின் யூனிட்டில் போன வருஷம் ஓடிய ஆர்டர் அது. ஷேட் மாறிவிட்டது என்று வெளிநாட்டுக்காரன் வேண்டாம் என்றுவிட்டான். ஈஸ்வரமூர்த்தி அப்போது அங்கேதான் நின்றார். வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கையில் கடப்பாரையோடு. இஸ்திரி கலையாத மனிதர். அவரைப் பார்க்காமல் இருப்பதற்காகவே எல்லோரும் மும்முரமாக வேலை செய்தார்கள்.

அவர் ஒரு துண்டுத் துணியை எடுத்து மண்ணைத் தட்டிவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். வேஸ்ட் எடுக்கிற ஆள் வண்டியில் கொண்டுபோவான் என்றுதான் நினைத்திருந்தேன், எங்கே கொட்டுகிறான் என்று ஒரு நாளும் கேட்டதில்லை என்றார். பிறகு விஜயராணியைப் பார்த்தார்.

"இனி ஒரு துண்டு இங்க வராதுங்க. அந்தத் துணி ரோல் இன்னும் குடோன்ல கெடக்குது. எதுக்காச்சும் ஆகுமுன்னா எடுத்துக்குங்க."

மறுநாள் காலை மாநகராட்சியின் பேட்டரி வண்டியோடு வந்த தூய்மைப் பணியாளர் கருப்பாத்தாள், வளைவில் வண்டியை நிறுத்தி இடமும் வலமும் பார்த்தார். இது வேறு வீதி என்று முடிவு செய்து வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். யாழினி பின்னாலேயே ஓடிப்போய் அவரை அழைத்துவர வேண்டியிருந்தது.

ரோலை என்ன செய்வது என்பதில் விஜயராணிக்குச் சந்தேகமே இருக்கவில்லை. குப்பையை அள்ளியாயிற்று, இருட்டு இன்னும் அங்கேயேதான் இருந்தது. விளக்கு எரிகிறவரை, சாயங்காலம் கம்பெனி விடுகிற நேரத்தில் வீதிக்காரர்களே ஆள் மாற்றி ஆள் பஸ் நிறுத்தத்துக்கும் வீட்டுக்குமாக நடப்பது என்று பேசிவைத்திருந்தார்கள். இருட்டிலும் தெரிகிற மாதிரி மேலே ஒன்று போட்டுக்கொண்டால் நல்லது. கிளிப்பச்சையைவிடத் தெரிகிற நிறம் திருப்பூரில் இல்லை.

அடுத்த ஞாயிறு ஈஸ்வரமூர்த்தியின் யூனிட் திறந்திருந்தது. அவரே கட்டிங் மேஜையில் நின்றார். விஜயராணி ஓவர்லாக் ஓட்ட, மோனிஷா மடித்துக் கொடுக்க, காசிமாயன் அயர்ன் போட, கையில்லாத மேல்சட்டைகள் மேஜையில் குவிந்தன. ஒரே ஒரு தப்பு. துணி வெட்டிய பேட்டர்ன் அளவு வெளிநாட்டு ஆட்களுக்கானது. சுப்புலட்சுமியம்மாள் போட்டுப் பார்த்தபோது சட்டை முழங்காலைத் தாண்டி இறங்கியது. கழற்றுவார் என்று எல்லோரும் பார்த்தார்கள். அவர் கண்ணாடி முன்னால் ஒரு சுற்றுச் சுற்றினார். "காத்தோட்டமா இருக்குது கண்ணு, அப்படியே இருக்கட்டும்" என்று சொல்லி, சேலைக்கு மேலேயே போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

முதல் நாள் நடைக்குக் கூட்டம் அலைமோதியது. ஆள் மாற்றி ஆள் என்ற பேச்செல்லாம் காற்றில் போய், வீதியே மொத்தமாகக் கிளம்பிவிட்டது. டார்ச்சும் விசிலும் வைத்துக்கொண்டு, கிளிப்பச்சையில் ஒரு கூட்டம் பஸ் நிறுத்தத்துக்குப் போய், வேலை முடிந்து இறங்கிய பெண்களை மாப்பிள்ளை அழைப்பு போல அழைத்து வந்தது. இறங்கியவர்கள் வெட்கப்பட்டார்கள். இரண்டாவது நாள் தங்களுக்கும் சட்டை வேண்டும் என்றார்கள்.

வளைவில் குடிக்க வருகிறவர்கள்தான் மிச்சம். குப்பை போனது அவர்களுக்கு வசதியாகவே இருந்தது; உட்காரச் சுத்தமான இடம் கிடைத்துவிட்டது. லைன் வீட்டு ஆண்கள் சிலர் முஷ்டியை முறுக்கினார்கள். சுப்புலட்சுமியம்மாள் அவர்களை நிறுத்திவிட்டு, விஜயராணியை மட்டும் கூட்டிக்கொண்டு போனார். அங்கே போய் அவர் சண்டை போடவில்லை. குனிந்து, ஒவ்வொருவர் முகத்தையும் டார்ச் வெளிச்சத்தில் பிரியமாகப் பார்த்தார்.

"சாப்ட்டாச்சுங்களா சாமி? எந்த ஊருங்க? அப்பா பேரு என்னங்க?"

அவர்களில் ஒருவன் ஊர்ப் பெயரைச் சொல்லித் தொலைத்தான். அந்த ஊரில் தன் பெரியம்மா மகள் இருப்பதாகச் சொல்லி, கோயிலுக்கு எதிர் வீடா, பின் வீதியா என்று விசாரித்தார் சுப்புலட்சுமியம்மாள். இன்னொருவனுக்குப் பெண் பார்க்கிறார்களா என்று கேட்டார். வெறும் வயிற்றில் குடித்தால் குடல் வெந்துவிடும் கண்ணு, இருங்கள், ராகிக்களி இருக்கிறது, கொண்டுவருகிறேன் என்று வீட்டுக்குக் கிளம்பினார். அவர் களியோடு திரும்பி வந்தபோது அங்கே ஒருவரும் இல்லை. விஜயராணி கம்பத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். அடுத்த நாளும் அவர் களியோடு போனார். அதற்கு அடுத்த நாள் முதல் அவர்கள் வரவேயில்லை. சுப்புலட்சுமியம்மாளுக்கு அதில் உண்மையாகவே கொஞ்சம் வருத்தம்.

சட்டையால் வந்த குழப்பங்கள் தனி. பார்க்கிற ஆட்கள் அவர்களை மாநகராட்சி ஊழியர்கள் என்று நினைத்தார்கள். பக்கத்து வீதி அம்மா ஒருவர் காசிமாயனைப் பிடித்து நிறுத்தி, குழாயில் தண்ணீர் வராததைப் பற்றி மூச்சுவிடாமல் பேசினார். காசிமாயன் மறுத்துச் சொல்லவும் சோம்பல்பட்டு, கடைசிவரை தலையாட்டிக் கேட்டான். மறுநாள் தற்செயலாகத் தண்ணீர் வந்துவிட்டது. அந்த அம்மா தேங்காய் பர்பி செய்து கொண்டுவந்து அவனிடம் கொடுத்தார். இத்தனை நல்ல அதிகாரியை இந்த ஊர் பார்த்ததில்லை என்று விஜயராணியிடம் சொல்லிவிட்டும் போனார்.

பெரிய குழப்பம் வார்டு கவுன்சிலருக்கு. தன் வார்டில் ஒரு கூட்டம் தினமும் பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு வீதி வீதியாகப் போகிறது, பெண்களும் இருக்கிறார்கள், வடக்கத்திப் பையன்களும் இருக்கிறார்கள், கம்பெனி முதலாளியே கூட நடக்கிறார் என்று அவருக்குச் சேதி போயிருந்தது. இப்படி ஒரு நிறத்தில் எந்தக் கட்சியும் இல்லையே என்பதுதான் அவருடைய தூக்கத்தைக் கெடுத்தது. ஒரு சாயங்காலம் காரில் வந்து இறங்கினார். வேட்டி பளீரென்று இருந்தது. கூடவே நாலு பேர். எல்லோரையும் கும்பிட்டுவிட்டு, முன்னால் நின்ற விஜயராணியிடம், நீங்கள் எல்லோரும் எந்த அமைப்பைச் சேர்ந்தவர்கள், தலைவர் யார் என்று மெதுவாகக் கேட்டார்.

காரைப் பார்த்ததுமே விஜயராணிக்கு உள்ளுக்குள் ஆட்டம் கண்டிருந்தது. கேள்வி வந்ததும் சிரித்துவிட்டாள். கவுன்சிலரின் முகத்தை நேராகப் பார்த்து, வயிறு குலுங்க, நிறுத்தாமல். கவுன்சிலர் தன் ஆட்களைத் திரும்பிப் பார்த்தார். கேள்விக்கு இத்தனை தைரியமாகச் சிரிக்கிறவள் சாதாரண ஆளாக இருக்க முடியாது என்று அவர் முடிவு கட்டியது அவர் நெற்றியிலேயே தெரிந்தது. ஈஸ்வரமூர்த்தி முன்னால் வந்து, கட்சியெல்லாம் இல்லீங்க, விளக்கு எரிஞ்சாப் போதும், சாக்கடைக்கு ஒரு மூடி போட்டாப் போதும், வேறொன்றும் வேண்டாமுங்க என்று கைகூப்பினார். அந்தப் பணிவு கவுன்சிலரை இன்னும் பயமுறுத்தியது. எத்தனை பேர் இருக்கிறீர்கள் என்று மட்டும் கேட்டார். சட்டை தைக்கத் தைக்கப் போய்க்கொண்டே இருக்கிறதுங்க என்றாள் மோனிஷா, உள்ளது உள்ளபடி.

அந்த வாரத்துக்குள் ஏணி வைத்த வண்டி வந்தது. சாக்கடையின் மேல் சிமெண்ட் பலகைகள் இறங்கின. கம்பங்களில் புது விளக்குகள் ஏறின. அவை முதன்முதலில் எரிந்த சாயங்காலம் வீதியில் ஒருவர்கூட வீட்டுக்குள் இல்லை. வெளிச்சத்தில் ஒருவரை ஒருவர் புதிதாகப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டார்கள். இத்தனை வருஷம் எதிர்வீட்டுச் சுவரின் நிறம் நீலம் என்றே நினைத்திருந்தேன், அது பச்சை என்று, விடியுமுன் போய் இருட்டியபின் திரும்புகிற ஒருவர் வியந்தார். சித்தி வீட்டு வாசலிலிருந்து பஸ் நிறுத்தம்வரை மோனிஷா தனியாக நடந்துபோனாள், திரும்பி வந்தாள், ஒரு வேலையும் இல்லாமல் மறுபடியும் போனாள். சிமெண்ட் பலகைகளின் மேல் நடக்கும்போது வேண்டுமென்றே காலைத் தட்டித் தட்டி நடந்தாள். யாழினி போய் அவளோடு சேர்ந்துகொண்டாள். இரண்டு பேரும் உரக்கப் பேசிக்கொண்டு போனது வீதி முழுக்கக் கேட்டது. விஜயராணி வாசலில் நின்று அந்தச் சத்தம் தேய்ந்து போகிறவரை கேட்டாள். அன்று அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். காசிமாயன் பார்க்காதது போல வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

காலி மனை காலியாகவே இருந்தால் குப்பை திரும்பி வந்துவிடும் என்று எல்லோருக்கும் தெரிந்தது. ஈஸ்வரமூர்த்தி தாராபுரத்துக்குப் போய்ச் சொந்தக்காரரைப் பார்த்துவிட்டு வந்தார். வீடு கட்டுகிறவரை யார் வேண்டுமானாலும் உபயோகித்துக்கொள்ளுங்கள், பாம்பு வராமல் பார்த்துக்கொண்டால் சரி என்றாராம் அவர். என்ன செய்வது என்று ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். செடி வைக்கலாம் என்றார் ஒருவர், பெஞ்சு போடலாம் என்றார் இன்னொருவர். பேச்சு முடிவதற்குள் ஒரு காரியம் நடந்துவிட்டது. காசிமாயன் ஒரு நாள் வேலை முடிந்து வரும்போது இறகுப்பந்து மட்டைகளும் ஒரு வலையும் வாங்கிவந்தான். பெயின்ட் டப்பாக்களில் சிமெண்ட் கொட்டிக் குழாய்களை நட்டு, பிகாஷைக் கூப்பிட்டு வலையைக் கட்டினான். சுண்ணாம்பால் கோடு போட்டான். கோடு நூல் பிடித்தது போல நேராக இருந்தது. எங்கே கற்றுக்கொண்டாய் என்று விஜயராணி கேட்டதற்கு, ஊரில் ஆடியிருக்கிறேன் என்றான். இத்தனை வருஷம் கூடவே இருந்தவளுக்கு இது புதுச் செய்தி.

இப்போது சாயங்காலமானால் அங்கே இடம் பிடிக்கச் சண்டை. லைன் வீட்டுப் பெண்கள் நைட்டியின் மேல் துண்டு போட்டுக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு இறங்குகிறார்கள். ஓவர்லாக் மெஷினில் குனிந்தே இருந்த முதுகுகள் பந்துக்காக அண்ணாந்து எகிறுகின்றன. ஒடிசாப் பையன்கள் நன்றாக ஆடுகிறார்கள். ஆனால் சுப்புலட்சுமியம்மாள் நடுவராக இருக்கும் ஆட்டத்தில் அவர்கள் ஜெயிப்பது கஷ்டம். தோற்கிற பக்கத்தைப் பார்த்தால் அவருக்குப் பாவமாக இருக்கும், அந்தப் பக்கம் ஒரு பாயிண்ட் கூடப் போட்டுவிடுவார். நாலாவது வீதிக்காரர்கள் ஒருநாள் வந்து கூச்சத்தோடு ஓரமாக நின்றார்கள். அவர்கள் பக்கத்திலும் ஒரு இருட்டு மூலை இருக்கிறதாம், வந்து பேச முடியுமா என்று விஜயராணியைக் கேட்டார்கள். பேச வராதுங்க, சிரிக்கத்தான் வரும் என்றாள் அவள். அது போதும் என்றார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை விஜயராணியும் காசிமாயனும் ஒரு பக்கம், பிகாஷும் அவன் அறைத்தோழனும் மறுபக்கம். விஜயராணிக்கு ஆட்டம் சரியாக வராது. பந்து எங்கே போகிறதோ அதற்கு நேர் எதிர்ப்பக்கம் ஓடுவாள். காசிமாயன் அவள் விட்ட பந்துகளையெல்லாம் சத்தமில்லாமல் எடுத்தான். ஆட்டம் நடுவில் இருக்கும்போது தூறல் போட்டது. வீட்டுக்குப் போகலாம் என்று யாரோ சொன்னார்கள். ஒருவரும் அசையவில்லை. இறகு நனைந்து பந்து கனத்துவிட்டது, மட்டையில் பட்டதும் தொப்பென்று சத்தம் வந்தது. பிகாஷ் ஓங்கி அடித்த ஒரு பந்து விஜயராணியை நோக்கி நேராக வந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு மட்டையை வீசினாள். மட்டை பந்தில் பட்டது. பந்து வலையின் மேல்நூலில் உட்கார்ந்து, யோசித்து, மெதுவாக அந்தப் பக்கம் விழுந்தது.

காசிமாயன் மட்டையைக் கீழே போட்டுவிட்டு, வீதி முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி ஒரு குதி குதித்தான்.

"பாத்தியா ராணி, நாம ஜெயிச்சுட்டோம்" என்றான்.

இன்னும் ஆட்டம் பாக்கி இருந்தது. அவனுக்கு அதைச் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. மழை வலுத்தது. சுப்புலட்சுமியம்மாள் குடையை விரித்துக்கொண்டு, பாயிண்டை விஜயராணி, காசிமாயன் பக்கமே போட்டார்.